வெட்டுப்பட்ட சக்கரவர்த்திகள்

ஒரு ரோமப் பொற்காசு. தலைப் பக்கத்தில் நீரோ. அந்தத் தலையின் குறுக்கே உளி வைத்து ஒரே போடாகப் போட்ட ஆழமான வெட்டு. இன்றைக்கு எந்த நாணய வியாபாரியிடம் காட்டினாலும் முதலில் வருகிற சொல் ஒன்றுதான்: "டேமேஜ் பீஸ் சார்." அடுத்த வாக்கியம் விலையைப் பற்றியதாக இருக்கும்.

அந்த ஒரு சொல்லோடுதான் இந்தக் கட்டுரைக்குச் சண்டை.

1898-ல், அன்றைய புதுக்கோட்டை சமஸ்தானத்தில், ஆலங்குடிப் பக்கம் உள்ள கருக்காக்குறிச்சியில் ஒரு புதையல் கிடைத்தது. 501 ரோமப் பொற்காசுகள். (எங்கள் குடுமியான்மலை புதுக்கோட்டைக்கு மேற்கே, கருக்காக்குறிச்சி அதற்கு எதிர்ப்புறம், கிழக்கே. ஒரே மாவட்டம், இரண்டு மூலை.) இந்தப் பொற்காசை ரோமர்கள் அவுரியஸ் என்றார்கள். அகஸ்டஸ் காலத்து அவுரியஸ் எட்டு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. நம் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு பவுன். அப்படியானால் கருக்காக்குறிச்சியில் மண்ணுக்குள் கிடந்தது ஐந்நூறு பவுனுக்குச் சற்றுக் குறைவான தங்கம். அகஸ்டஸ் தொடங்கி வெஸ்பாசியன் வரை வந்த அரசர்களின் முகங்கள் அவற்றில் இருக்கின்றன. வெஸ்பாசியன் ஆண்டது பொ.ஆ. 69 முதல் 79 வரை. ஆகவே புதைத்தது 69-க்கு முன்னால் இருக்க முடியாது.

இந்தக் குவியலைப் பேச்சுக்குரியதாக்கியது எண்ணிக்கை அல்ல. பத்தில் ஒன்பது பங்குக்கும் மேலான காசுகளில் உளி வெட்டு இருக்கிறது. ஓரத்தில் இல்லை, பின்பக்கத்தில் இல்லை. அரசனின் தலை மேலேயே.

கண்டெடுத்த அதே ஆண்டில் லண்டனின் 'நியூமிஸ்மேட்டிக் கிரானிக்கிள்' இதழில் ஜி. எஃப். ஹில் இதைப் பற்றி எழுதினார். அப்போது பிரிட்டிஷ் மியூசியத்தின் நாணயப் பிரிவில் இளம் அதிகாரி; பிற்காலத்தில் அந்த மியூசியத்துக்கே இயக்குநர் ஆனவர். ஹில் கட்டுரையில் எனக்குப் பிடித்த விஷயம், அவர் வெட்டை ஒரு குறையாக ஒதுக்கித் தள்ளவில்லை. வெட்டு உள்ளவை எத்தனை, இல்லாதவை எத்தனை என்று பிரித்துப் பார்த்து, ஏன் என்று கேட்டார். அவர் சொன்ன விடையின் சாரம்: இவை தேய்ந்த காசுகள், செலாவணியிலிருந்து விலக்குவதற்காக வெட்டப்பட்டவை, உருக்குவதற்குக் காத்திருந்தவை.

நூற்றி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. "செலாவணியிலிருந்து விலக்கப்பட்டவை" என்ற வாக்கியத்தை எல்லோரும் எடுத்து எழுதுகிறார்கள். எந்தச் செலாவணி, யாருடைய செலாவணி என்று நின்று கேட்பவர்கள் குறைவு. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் இந்த 'டேமேஜ்' எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

இன்று உலகம் முழுக்க, நம்ம ஊர் கண்காட்சி ஸ்டால் வரைக்கும், நாணயத் தரம் பேசுகிற மொழி அமெரிக்காவில் உருவானது. வில்லியம் ஷெல்டன் என்ற உளவியலாளர் 1949-ல் பழைய அமெரிக்கச் செண்ட்களைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். 1793 முதல் 1814 வரை அடித்த பெரிய செப்புச் செண்ட்கள். அவற்றுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் செய்தார். ஏன் 70? அன்றைய சந்தையில் மிக மோசமான காசு ஒரு டாலர் என்றால் மிகச் சிறந்தது எழுபது டாலர் போகும் என்ற கணக்கு. அதாவது இந்த அளவுகோல் பிறக்கும்போதே விலைப்பட்டியலாகத்தான் பிறந்தது. விலை உறவு சில வருஷங்களிலேயே உடைந்துபோனது. எண் மட்டும் நின்றுவிட்டது. 1980-களின் நடுவில் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. என்ற இரண்டு நிறுவனங்கள் வந்து, காசைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து, மேலே எண் போட்டுத் தர ஆரம்பித்தன. கீறல், வளைவு, துளை, தேய்த்துக் கழுவியது இதெல்லாம் இருந்தால் எண் கிடையாது; 'டீட்டெய்ல்ஸ்' என்று ஒரு சொல் மட்டும். பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஊனம் என்று அர்த்தம்.

(ஷெல்டனைப் பற்றி ஒரு துணைச்செய்தி. அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்பிலிருந்த நல்ல செண்ட்களை எடுத்துக்கொண்டு, தன்னிடமிருந்த மட்டமானவற்றை அந்த இடத்தில் வைத்தவர் அவர் என்பது அவர் இறந்த பிறகு வெளியே வந்தது. தரம் பார்க்கத் தெரிந்தவர்தான், சந்தேகமில்லை.)

இந்த முறையை முழுசாகத் தூக்கிப்போட நான் தயாராக இல்லை. ஒரு விஷயத்தில் அது சொல்வது நூற்றுக்கு நூறு சரி. கழுவாதே என்கிறது. நம்ம பக்கத்தில் அம்மன் காசு தெரியாதவர் இருக்க மாட்டார்கள். தொண்டைமான்கள் அடித்த சின்னச் செப்புக் காசு. ஒரு பக்கம் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள் அமர்ந்த கோலம், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. ஓர் அணாவுக்கு இருபது. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்துக் கொடுத்த காசு. பழையவை கையால் அடித்தவை; பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பர்மிங்காமில் இயந்திரத்தில் அடித்து வந்தவை வேறு. கையால் அடித்ததில் அச்சு ஒரு பக்கம் தள்ளி விழுந்திருக்கும், அம்மன் பாதி வெளியே போயிருப்பாள். அதைச் சேதம் என்று சொல்லக்கூடாது, அது பிறவி. ஆனால் பரம்பரையாக வீட்டில் கிடந்த காசைப் புளி போட்டுத் தேய்த்து, பித்தளைக் குத்துவிளக்கு மாதிரிப் பளபளவென்று கொண்டுவந்து காட்டுகிறார்களே, அதுதான் சேதம். செம்பின் மேல் நூறு வருஷமாகப் படிந்த கருப்பும் பச்சையும் போச்சு. அதோடு சேர்ந்து எழுத்தின் மெல்லிய விளிம்பும் போச்சு. பூஜைக்கு வைப்பவர் புளி போடட்டும், அவருக்கு அது அம்மன். விற்பதற்காகத் தேய்ப்பவரைத்தான் சொல்கிறேன்.

ஆக, சேதத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, காசில் இருந்த செய்தியை அழிக்கிறது. மற்றொன்று, காசில் இல்லாத செய்தியைச் சேர்க்கிறது. புளி முதல் வகை. உளி இரண்டாவது வகை. அமெரிக்க முறை இரண்டையும் ஒரே கூடையில் போடுகிறது. என்.ஜி.சி. பழங்கால நாணயங்களுக்கு 70 எண்ணைப் பயன்படுத்துவதில்லை. அச்சுக்கு ஐந்துக்கு இத்தனை, மேற்பரப்புக்கு ஐந்துக்கு இத்தனை என்று தனித்தனியாக மதிப்பெண் போடுகிறது. கொஞ்சம் நல்ல முறைதான். ஆனாலும் உளி வெட்டு இருந்தால் மேற்பரப்பில் மார்க் குறையும். பாத்திரம் கழுவுகிற மாதிரிக் கழுவிய காசும் அங்கேயேதான் மார்க் இழக்கிறது.

சரி, உளி என்ன செய்தியைச் சேர்த்தது? சொல்லப்படும் விளக்கங்களை ஒவ்வொன்றாக உரசிப் பார்ப்போம்.

முதலாவது, உள்ளே வேறு உலோகம் இருக்கிறதா என்று வெட்டிப் பார்த்தார்கள் என்பது. கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் அதற்கு ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு போதுமே. பக்கம் திருப்பி, முகத்தைத் தேர்ந்தெடுத்து, காசுக்குக் காசு அதே இடத்தில் போட வேண்டிய அவசியம் என்ன? சோதிப்பவனுக்கு முகமும் முதுகும் ஒன்றுதான்.

இரண்டாவது, உருவத்தின் மேல் வெறுப்பு. அயல்நாட்டு அரசன் முகத்தைச் சிதைத்தார்கள் என்பது. இப்போது எழுதுகிறவர்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும், வீரமாக இருக்கிறது. ஆனால் இந்தியாவில் கிடைத்த வேறு ரோமப் பொற்காசுகளைப் பாருங்கள். தலைக்கு மேலே அருகருகே இரண்டு துளை போட்டிருக்கிறார்கள். நூலில் கோத்துத் தொங்கவிட்டால் முகம் நேராக நிற்கும். அதே முகத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்ட ஜனங்களும் இதே நாட்டில்தான் இருந்தார்கள். (துளை போட்ட காசும் கிரேடிங்கில் ஊனம்தான், சொல்ல மறந்துவிட்டேன். காசுமாலைக்கு ஆயிரக்கணக்கான மைல் தள்ளி உட்கார்ந்து மார்க் போட்டால் அப்படித்தான்.) வெறுப்பு என்றால் நீரோவுக்கு வெட்டு, அகஸ்டஸுக்கு மன்னிப்பு என்றாவது இருந்திருக்கலாம். அப்படி ஆள் பார்த்து வெட்டியதாகவும் தெரியவில்லை.

மூன்றாவது, ஹில் சொன்னது. தேய்ந்த காசு, செலாவணி நீக்கம். இதை நான் பெரிதும் ஏற்கிறேன், ஆனால் ஒரு படி கூடுதலாகப் போக வேண்டும். உளி வெட்டு காசிலிருந்து தங்கத்தை எடுப்பதில்லை. உளி உலோகத்தை விலக்குகிறது. இரண்டு பக்கமும் வரப்பு மாதிரி மேடாகத் தள்ளுகிறது. எடை அப்படியே இருக்கிறது. வெட்டுவதற்கு முன் ஒரு பவுன் என்றால் வெட்டிய பிறகும் ஒரு பவுன். எடை போட்டு வாங்குகிறவனுக்கு வெட்டு ஒரு பொருட்டே இல்லை. அப்படியானால் வெட்டினால் நஷ்டம் யாருக்கு? எண்ணி வாங்குகிற இடத்தில் கொடுக்க நினைப்பவனுக்கு.

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. ரோமக் காசு இங்கே வெறும் உலோகமாக, நிறுத்து வாங்கும் சரக்காக மட்டுமே இருந்தது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். வெறும் சரக்கை யாரும் செல்லாது என்று அறிவிக்கத் தேவையில்லை. வெட்டு போட வேண்டிய அவசியம் வந்தது என்றால், அதற்கு முன்னால் அந்தக் காசுக்கு உலோகத்தைத் தாண்டி ஒரு மதிப்பு இருந்திருக்க வேண்டும். முகத்தைப் பார்த்து, எண்ணி, நம்பி வாங்கிய ஓர் இடம் இருந்திருக்க வேண்டும். பிளினி ஒரு கதை எழுதி வைத்திருக்கிறார். ரோமிலிருந்து வந்த ஒருவனிடம் இருந்த வெள்ளிக் காசுகளை இலங்கை மன்னன் பார்க்கிறான். முகங்கள் வேறு வேறு, ஆனால் எடை எல்லாம் ஒன்றாக இருக்கிறது. அதில் அவனுக்கு ரோமர்கள் மேல் மதிப்பு வருகிறது. கதை எவ்வளவு நிஜமோ, அது சொல்லும் மனநிலை நிஜம். முகம் மாறினாலும் எடை மாறாது என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் தராசை ஓரமாக வைத்துவிட்டு எண்ண முடியும்.

அந்த நம்பிக்கைக்கு இரண்டு எதிரிகள். தேய்மானம் ஒன்று. மற்றொன்று ரோமிலேயே வந்தது: பொ.ஆ. 64-ல் நீரோ அவுரியஸின் எடையைக் குறைத்தான். ஒரு ரோமப் பவுண்டு தங்கத்தில் 45 காசு, அதாவது ஒரு காசு சுமார் 7.3 கிராம். அதற்குப் பிறகு ஒரு குவியலுக்குள் கைவிட்டு எடுத்தால் எல்லாம் சம எடை என்று சொல்ல முடியாது. கருக்காக்குறிச்சிக் குவியல் புதைக்கப்பட்டது அதற்கு அடுத்து வந்த காலத்தில். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் எண்ணிக்கையிலிருந்து தராசுக்குத் திரும்ப வேண்டிய காலம் அது என்பது மட்டும் தெளிவு.

இதைப் புரிந்துகொள்ள ரோமுக்குப் போக வேண்டாம், டவுனில் உள்ள நகைக்கடைக்குப் போனால் போதும். பாட்டி போட்டிருந்த பழைய அட்டிகையை விற்கக் கொண்டுபோகிறீர்கள். உரைகல்லில் உரசிப் பார்ப்பார், எடை போடுவார், பேரம் முடியும். பிறகு கத்தரியை எடுத்து உங்கள் கண்ணெதிரே நறுக்கென்று வெட்டுவார். அந்த வெட்டுக்கு முன்னால் அது நகை; செய்கூலி, வேலைப்பாடு, பாட்டி எல்லாம் அதற்குள் இருந்தது. வெட்டியபின் அது எடை மட்டும். ஒரு குந்துமணி குறையவில்லை, ஆனால் திரும்ப நகை என்று சொல்லி யாரிடமும் நீட்ட முடியாது. கருக்காக்குறிச்சிக் காசுகளில் நான் பார்ப்பது அந்தக் கத்தரியை. "இது இனிமேல் காசு இல்லை, பொன்" என்று எவரோ ஒருவர் தீர்ப்புச் சொல்லி, எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் புரிகிற மாதிரி எழுதியும் வைத்திருக்கிறார். தலையில் எழுதினால்தானே தெரியும்!

அப்படியானால் அந்த வெட்டே ஒரு கிரேடிங். பத்தொன்பது நூற்றாண்டுக்கு முன்னால் ஒரு தர நிபுணர் போட்ட முத்திரை. அதன் மேல் இன்றைய தர நிபுணர் வந்து, 'ஊனம்' என்று இன்னொரு முத்திரை குத்துகிறார்.

இது ஏதோ என் ஊர்ப் பாசத்தில் சொல்வது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கர்களே தங்கள் காசு ஒன்றில் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். 1873 முதல் 1878 வரை சீன வர்த்தகத்துக்கென்று 'டிரேட் டாலர்' என்ற வெள்ளிக் காசை அடித்தார்கள். 420 கிரெயின், 900 மாற்று என்று காசின் மேலேயே அச்சிட்டிருக்கும். சீன வணிகர்கள் அதை நம்பவில்லை. வெள்ளியைச் சோதித்து, ஒவ்வொருவரும் தன் சின்ன முத்திரையைக் குத்தினார்கள். நம் ஊர் ரூபாயில் சராப்புகள் குத்திய முத்திரை மாதிரியேதான். நெடுங்காலம் அமெரிக்கச் சேகரிப்பாளர்களுக்கு இந்த 'சாப் மார்க்' காசு என்றாலே முகம் சுளிக்கும். பிறகு புரிந்தது: சீனாவுக்குப் போக அடித்த காசு, சீனாவுக்குப் போய் வந்ததற்கான ஒரே சான்று அந்தக் குத்துதான். இப்போது அதைத் தனி வகையாக்கி, ஊனம் என்று தள்ளாமல், எண்ணோடு கிரேடு போடுகிறார்கள். முத்திரைகளைப் படித்துப் பட்டியல் போடுபவர்களும் இருக்கிறார்கள். நூற்றைம்பது வயசு டாலருக்குக் கிடைத்த இந்த மரியாதை, ஆயிரத்துத் தொள்ளாயிரம் வயசு அவுரியஸுக்கு ஏன் கிடைக்கவில்லை?

குறையை எப்படி எழுதுவது என்பதற்கு நம்மிடம் நல்ல முன்மாதிரி உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் கொடுத்த நகைகளின் பட்டியலைப் படித்தவர்களுக்குத் தெரியும். முத்து என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகவில்லை. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து என்று வகை வகையாகப் பிரித்திருக்கிறார்கள். இதில் கரடுமுரடானதும் ஒட்டிப் பிறந்ததும் தட்டையானதும் அடக்கம். அவற்றை மட்டம் என்று ஒதுக்கவில்லை. பெயர் கொடுத்து, எண்ணி, எடையோடு கல்லில் வெட்டினார்கள். கோயில் கணக்கருக்கு வேண்டியது, நாளைக்கு யாராவது மாற்றி வைத்தால் கண்டுபிடிக்க வேண்டும் என்பது. ஷெல்டன் கதையை நினைத்துப் பார்த்தால் எவ்வளவு முன்யோசனை! பணத்திலும் அப்படியே. சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் 'அன்றாடு நற்காசு' என்று வருவது, அன்றைக்குச் செலாவணியில் இருக்கும் நல்ல காசு என்று வரையறுப்பதற்கு. காசு என்றாலே காசு என்று யாரும் இங்கே இருந்ததில்லை.

குடுமியான்மலையில் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் இருக்கும் இசைக் கல்வெட்டை எபிகிராபியா இண்டிகாவின் பன்னிரண்டாம் தொகுதியில் பண்டார்கர் பதிப்பித்தார். கல்வெட்டுப் பதிப்புகளின் ஒழுங்கு நாணயக்காரர்களுக்கும் வேண்டும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். சிதைந்த எழுத்தைச் சிதைந்தது என்று குறிப்பார்கள். பின்னால் ஒருவன் வந்து வேண்டுமென்றே அடித்து அழித்திருந்தால் அதை வேறாகக் குறிப்பார்கள். மழை தின்றதும் மனிதன் அடித்ததும் அங்கே ஒன்றல்ல.

நாணயப் பட்டியல்களில் இதைச் செய்வதில்லை. 'வெட்டு உள்ளது' என்று இரண்டு சொல், அவ்வளவுதான். பல ஏலப் படங்களில் வெளிச்சத்தை வெட்டு அதிகம் தெரியாதபடி வைக்கிறார்கள். வெட்டு எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது, ஒரு போடா இரண்டு போடா, எவ்வளவு அகலம், ஒரே உளியின் வாய் பல காசுகளில் தெரிகிறதா? கடைசிக் கேள்வி ஒன்றுக்கே பெரிய பலன் உண்டு. ஒரே உளி என்றால் ஒரே பட்டறை, ஒரே உட்காரலில் நடந்த வேலை. பல உளிகள் என்றால் பல ஊர்களில் வெட்டுப்பட்ட காசுகள் பிறகு ஒரு கைக்கு வந்திருக்கின்றன. இரண்டும் முற்றிலும் வேறு கதைகள். தெலங்கானாவின் அக்கன்பள்ளியில் கிடைத்த ரோம வெள்ளிக் காசுகளிலும் வெட்டுகள் உண்டு. இரண்டு குவியல்களின் உளிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இன்னொன்று, அந்த வரப்பு. உளி தள்ளிய உலோகம் விளிம்பில் கூராக நிற்கிறதா, மழுங்கியிருக்கிறதா? கூராக இருந்தால் வெட்டிய கையோடு குவியலில் போட்டுப் புதைத்தார்கள். மழுங்கியிருந்தால் வெட்டிய பிறகும் அது கைமாறிக்கொண்டிருந்தது, நிறுத்து வாங்கும் பொன்னாக. புதையலின் ஒரு பகுதி பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. சாய்வெளிச்சத்தில் எடுத்த நல்ல படங்கள் இருந்தாலே பாதி விடை கிடைத்துவிடும். பாக்கிப் பாதிக்குத் தராசு வேண்டும்: ஹில் சொன்னது போலத் தேய்ந்ததைத்தான் வெட்டினார்கள் என்றால், வெட்டு விழாமல் தப்பிய ஐம்பதுக்கும் குறைவான அந்தக் காசுகள் மற்றவற்றைவிட எடை கூடுதலாக இருக்க வேண்டும். அரசர் வாரியாகப் பிரித்து நிறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.